கடையில் கூட்டம் இருக்கிறது, பங்கை வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், வயது 34. டிமார்ட்டுக்கோ ஜூடியோவுக்கோ எந்த ஞாயிற்றுக்கிழமை போனாலும் பில் போடவே அரை மணி நேரம் ஆகிறது. சேமிப்பிலிருந்து 3 லட்ச ரூபாயை இப்படிப்பட்ட ரீடெய்ல் பங்குகளில் போடலாமா? சந்தைக்கு இன்னும் வராத ஒரு பெரிய ரீடெய்ல் கம்பெனியின் பங்கை ஏஜெண்ட் மூலம் வாங்கித் தருவதாக நண்பர் சொல்கிறார். அதை வாங்கலாமா?

பதில்: கூட்டத்தைப் பார்த்து ஒரு கம்பெனியைக் கவனிக்கத் தொடங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் நீங்கள் பார்க்கும் கூட்டத்தைச் சந்தையில் உள்ள எல்லோரும் பார்க்கிறார்கள். அது பங்கு விலையில் முன்பே ஏறியிருக்கும்.

டிமார்ட்டை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் பங்கு 2017 மார்ச்சில் 299 ரூபாய்க்கு வெளியிடப்பட்டு, முதல் நாளே 600 ரூபாயைத் தொட்டது. 2021 அக்டோபரில் 5,900 ரூபாய் வரை போனது. அந்த நிதியாண்டில் சுமார் 31,000 கோடியாக இருந்த விற்பனை, 2024-25ல் 59,000 கோடியைத் தாண்டியது. லாபமும் 1,500 கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, 2,700 கோடி ஆனது. இருந்தும் அந்த உச்சத்தில் வாங்கியவர் 2025 முடியும்போது போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பகுதி நஷ்டத்தில் இருந்தார். கம்பெனி எந்தத் தப்பும் செய்யவில்லை. அவர் வாங்கிய விலை, ஒரு பங்கின் ஆண்டு லாபத்தைப் போல 200 மடங்குக்கும் மேல். ஜூடியோவை நடத்தும் டாடாவின் டிரென்ட் பங்கிலும் இதையே பார்த்தோம். 2024 அக்டோபரில் 8,000 ரூபாயைத் தாண்டிய பங்கு, புதுக் கடைகள் திறந்துகொண்டே இருந்தும் அடுத்த ஆண்டு இறுதியில் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்துவிட்டது.

ஆகவே முதலில் பி.இ. விகிதத்தை, அதாவது பங்கு விலை ஒரு பங்கின் ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பதைப் பாருங்கள். மளிகையில் 100 ரூபாய்க்கு விற்றால் டிமார்ட்டுக்கே கையில் நிற்பது நாலரை ரூபாய் அளவுதான். இவ்வளவு மெல்லிய லாபத்தில், பிளிங்கிட் மாதிரி பத்து நிமிட டெலிவரிக்காரர்கள் பெருநகரங்களில் கொஞ்சம் வியாபாரத்தை இழுத்தாலே பங்கு ஆட்டம் காணும். 2024 அக்டோபரில் அப்படித்தான் நடந்தது.

அடுத்து, காலாண்டு முடிவில் மொத்த விற்பனை வளர்ச்சியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். புதுக் கடை திறந்தால் மொத்தம் ஏறத்தானே செய்யும்? பழைய கடைகள் எவ்வளவு வளர்ந்தன என்பதைத் தேடுங்கள். 2024-25ல் டிமார்ட்டின் மொத்த விற்பனை சுமார் 17% கூடியது. இரண்டு வருடத்துக்கு மேலான கடைகளில் அது 8% அளவுதான். இந்தக் கணக்கைச் சொல்லாமல் புதுக் கடை எண்ணிக்கையை மட்டும் பெரிதாகப் போடும் கம்பெனியை நான் நம்ப மாட்டேன்.

துணிக்கடை என்றால் சரக்கு இருப்பையும் பார்க்க வேண்டும். விற்பனையைவிட வேகமாகச் சரக்கு சேர்ந்தால், அது பிறகு தள்ளுபடியில்தான் போகும். ஆடித் தள்ளுபடியில் கடை நிரம்பி வழிந்தாலும், அந்தக் காலாண்டின் லாபம் சுருங்கியிருக்கலாம். தீபாவளி வரும் காலாண்டை அதற்கு முந்தைய காலாண்டோடு ஒப்பிடாதீர்கள். போன வருடத் தீபாவளிக் காலாண்டோடு ஒப்பிடுங்கள்.

வாடகையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2019 ஏப்ரலில் வந்த கணக்கு விதிப்படி, நீண்ட காலக் குத்தகை வாடகையின் பெரும்பகுதி தேய்மானமாகவும் வட்டியாகவும் காட்டப்படுகிறது. அதனால் அவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம் கொழுத்துத் தெரியும். வாடகை போக மிஞ்சியது என்ன என்று பாருங்கள். டிமார்ட் பெரும்பாலும் சொந்த இடத்தில் கடை வைப்பதால் இந்தச் சுமை குறைவு.

இதையெல்லாம்விட நான் பயப்படுவது கடனுக்குத்தான். பிக் பஜாரில் கூட்டத்துக்குக் குறைவே இருந்ததில்லை. அதை நடத்திய ஃபியூச்சர் ரீடெய்ல் கடனில் மூழ்கியது. கம்பெனியைத் தங்கள் கையில் வைத்திருந்த புரமோட்டர்களின் பங்குகளில் பெரும்பகுதி கடனுக்காக அடகில் இருந்தது. வாடகை பாக்கி சேர்ந்து, 2022ல் கடைகளை ரிலையன்ஸ் எடுத்துக்கொண்டது. 2024ல் கம்பெனியைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அப்படிக் கலைக்கும்போது கடன்காரர்களுக்குக் கொடுத்தது போக மீதி இருந்தால்தான் பங்குதாரருக்கு. நம் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷாவும் ஆயிரத்துக்கு மேல் கடை திறந்து, 2009ல் கைக்காசு தீர்ந்து நின்றுபோனதுதான். அடகு விவரம் ஒவ்வொரு காலாண்டும் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய அடகு இருந்தால் அந்தப் பங்கைத் தொடவே வேண்டாம்.

சரி, உங்கள் 3 லட்சம். அது உங்கள் மொத்தச் சேமிப்பு என்றால், ஆறு மாதச் செலவுக்கான பணத்தை முதலில் வங்கியில் ஒதுக்குங்கள். மீதியில் பெரும்பகுதி, நிஃப்டி போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகட்டும். ரீடெய்ல் பங்குகளுக்கு 30,000 முதல் 40,000 ரூபாய் போதும். அதையும் இரண்டு கம்பெனிகளில், ஒவ்வொரு காலாண்டு முடிவையும் படித்த பிறகு, ஒரு வருடத்தில் பிரித்து வாங்குங்கள். விலை குறைந்தால் வாங்கக் கையில் பணம் இருக்கும்.

ஏஜெண்ட் சொல்வது வேண்டாம். ரிலையன்ஸ் ரீடெய்ல் பங்கைப் பங்குச் சந்தைப் பட்டியலுக்கு வரும் முன்பே பலர் 2,500 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள். 2023 ஜூலையில் கம்பெனி தன் பங்கு மூலதனத்தைக் குறைத்து, வெளியாரிடம் இருந்த பங்குகளை ரத்து செய்தது. பங்குக்கு 1,362 ரூபாய் என்று கம்பெனி விலை வைத்தது. விற்கச் சந்தை இல்லாத பங்கில் சிறு முதலீட்டாளர் பேரம் பேச முடியாது. நண்பர் சொல்லும் கம்பெனி எதுவானாலும், அது பட்டியலுக்கு வந்து இரண்டு மூன்று காலாண்டு முடிவுகள் வெளிவந்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.