எந்த மாடியிலிருந்து?

கேள்வி: அமெரிக்க இசையமைப்பாளர் மைக்கேல் டோஹர்ட்டி முறையாக மேற்கத்திய சாஸ்திரிய இசை படித்தவர். அவரே சூப்பர்மேனுக்கு ஒரு சிம்பொனி, ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு ஓர் உருப்படி என்று இறங்கிப் போகலாமா?

பதில்: ‘இறங்கி’ என்கிறீர்கள். எந்த மாடியிலிருந்து? இசை பற்றி வரும் கடிதங்களில் பாதியில் இந்த மாடி வந்துவிடுகிறது. கட்டியது யார், வாடகை எவ்வளவு என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

டோஹர்ட்டி தரைத்தளத்துப் பிள்ளை. 1954இல் அயோவா மாநிலத்து சீடார் ரேப்பிட்ஸில் பிறந்தார். அப்பா நடனக் குழுக்களில் டிரம் வாசித்தவர். ஐந்து பையன்களில் இவர் மூத்தவர்; ஐவருமே இசைக்காரர்கள் ஆனார்கள். வீட்டில் ஒரு தானியங்கிப் பியானோ. காலால் மிதித்தால் காகிதச் சுருள் ஓடும், கட்டைகள் தாமாக அமுங்கி எழும். எது எப்போது அமுங்குகிறது என்று பார்த்துப் பார்த்தே பையன் வாசிக்கக் கற்றுக்கொண்டான். பாட்டு, பாக் மாதிரி சாஸ்திரிய மேதை எழுதியதல்ல. 1911இல் ஊரெல்லாம் முணுமுணுத்த ஒரு ஹிட்.

அப்புறம்தான் ஏறினார். பாரிஸில் இர்காம் என்ற இசை ஆய்வு மையம், யேல் பல்கலைக்கழகம், ஹாம்பர்கில் இசையமைப்பாளர் லிகெட்டியிடம் படிப்பு. உச்சாணிக் கொம்பில் இருந்த அந்த லிகெட்டிதான், உன் ஊர் இசையை உன் படிப்போடு சேர்த்துப் பார் என்று ஊக்கினார். வாத்தியாரே வீட்டுக்கு அனுப்பிவைத்த பிள்ளை இவர்.

சூப்பர்மேனுக்கான ‘மெட்ரோபொலிஸ் சிம்பொனி’ 1988இல் தொடங்கி 1993இல் முடிந்தது. அதில் சூப்பர்மேனின் எதிரி பெயரில் ‘லெக்ஸ்’ என்ற பகுதியில் தனி வயலின்தான் வில்லன். மேடையின் நான்கு பக்கமும் நடுவர் விசில்கள் ஊதுகின்றன, வயலின் தலைதெறிக்க ஓடுகிறது. இன்னொரு பகுதிக்கு அவர் எழுதிய வேகக் குறிப்பு, ‘பாய்ந்து வரும் தோட்டாவைவிட வேகமாக’. எனக்குத் தெரிந்த விமர்சகர் ஒருவர் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இத்தாலிய மொழியில் ‘அல்லெக்ரோ’ என்று எழுதியிருந்தால் கும்பிட்டிருப்பார். வேகத்தைக் குறிக்கும் அந்த அல்லெக்ரோவுக்கு நேர் அர்த்தம் குதூகலம். அதை வாசிப்பவர்கள் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கடன்காரன் வாசலில் நிற்கிறமாதிரி இருக்கும்.

சரி, எல்விஸ். 1993இல் எழுதிய ‘டெட் எல்விஸ்’ பாசூன் என்ற ஊதுவாத்தியத்துக்கானது. சுமார் எட்டடிக் குழாயை இரண்டாக மடித்துச் செய்த வாத்தியம். நாகஸ்வரச் சீவாளிபோல இதற்கும் இரட்டை நாணல். பாசூன்காரர்களில் பலர் அதைத் தாங்களே சீவிச் சீவியே ஆயுளில் பாதியைக் கழிக்கிறார்கள். சிம்பொனியில் இவர்களை நடு வரிசையில் உட்காரவைத்து, கோமாளியோ தாத்தாவோ வரும்போது மட்டும் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவரை எல்விஸ் வேஷத்தில் முன்னால் நிறுத்தினார் டோஹர்ட்டி. வேஷம் கூடாது என்றால், மற்றவர்கள் போட்டிருக்கும் வால் வைத்த கறுப்புக் கோட்டு என்ன, வீட்டு உடையா? அதைப் போட்டுக்கொண்டு யாராவது பால் வாங்கப் போவார்களா?

பாசூனையும் சேர்த்து வாத்தியங்களின் சேர்க்கை, ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி 1918இல் ஒரு சிப்பாயின் கதைக்கு வைத்த அதே சேர்க்கை. அந்தச் சிப்பாய் வயலினைச் சாத்தானிடம் கொடுத்து ஏமாந்தவன். எல்விஸ் தன்னை ஹாலிவுட்டுக்கும் லாஸ் வேகாஸுக்கும் கொடுத்தார். அடியில் ஓடுவதோ ‘டியெஸ் ஈரே’, இறந்தவர்களுக்கான இடைக்கால லத்தீன் பாட்டு. சிரித்துக்கொண்டே கேட்கும்போது அது காதில் விழுந்தால் கொஞ்சம் திக்கென்றிருக்கும். எனக்கு இருந்தது.

தெருப்பாட்டைச் சாஸ்திரிய இசைக்குள் கொண்டுவருவது புதிதல்ல. ‘ஆயுதம் தாங்கியவன்’ என்ற ஒரு பிரெஞ்சு ஜனரஞ்சகப் பாட்டை வைத்து 15ஆம் நூற்றாண்டு முதல் நாற்பதுக்கும் மேற்பட்ட தேவாலயப் பூசை இசைகள் எழுதினார்கள். துஃபாய், ஜோஸ்கன், பாலெஸ்த்ரீனா என்று அந்தக் காலத்துப் பெரிய இசையமைப்பாளர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். பாலெஸ்த்ரீனா இரண்டு.

எனக்கும் டோஹர்ட்டியிடம் ஒரு புகார் உண்டு. அந்த நாலு விசிலில் இரண்டைக் குறைத்திருக்கலாம்.