கார்பன் சந்தை: காசு கொடுத்தால் புகை குறையுமா?

கேள்வி: புகை விடுகிற கம்பெனி காசைக் கட்டி கார்பன் கிரெடிட், அதாவது வேறெங்கோ இத்தனை டன் கார்பன் குறைந்தது என்பதற்கான சான்று, வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா? இதனால் நிஜமாகவே மாசு குறைகிறதா, இல்லை கணக்கில் மட்டும்தானா?

பதில்: இரண்டுமே நடந்திருக்கிறது. கார்பன் சந்தையில் இரண்டு வகை உண்டு, ஒன்று ஓரளவு வேலை செய்கிறது, இன்னொன்றில்தான் ஏகப்பட்ட ஓட்டை.

முதல் வகையில், மின்நிலையங்களும் ஆலைகளும் சேர்ந்து வருஷத்துக்கு இத்தனை டன்தான் விடலாம் என்று அரசே ஒரு வரம்பு போட்டு, அந்த அளவுக்கு மட்டும் அனுமதிகளை வெளியிடும். கையில் மிஞ்சினால் விற்கலாம், பற்றாவிட்டால் வாங்கியே தீர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இதை 2005-ல் ஆரம்பித்தபோது அனுமதிகளை இலவசமாக வாரி இறைத்தது, 2007-ல் விலை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கே போய்விட்டது. அப்புறம் வரம்பை வருஷா வருஷம் இறுக்கி, மின்நிலையங்களை ஏலத்தில் வாங்க வைத்து, சந்தையில் தேங்கிய உபரியை 2019 முதல் ஓரங்கட்டத் தொடங்கிய பிறகு, 2023 பிப்ரவரியில் ஒரு டன்னுக்கான அனுமதியின் விலை 100 யூரோவைத் தாண்டியது. அந்த ஆண்டு இந்த மின்நிலையங்கள், ஆலைகளின் உமிழ்வு 2005-ஐ விட ஏறக்குறைய 47% குறைவு. காற்றாலையும் சூரிய மின்சாரமும் மலிவானதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் நிலக்கரி எரிப்பது நஷ்டம் என்று ஆக்கியதில் இந்த விலைக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது வகை, எங்கோ ஒருவர் குறைத்ததை வாங்கி நம் கணக்கில் கழித்துக்கொள்வது. 1997-ல் உருவான கியோட்டோ உடன்படிக்கை என்ற சர்வதேசக் காலநிலை ஒப்பந்தம் இதற்கு வழி திறந்தது. என்ன ஆயிற்று பாருங்கள். ஏசியில் பயன்படும் ஒரு குளிரூட்டி வாயுவைத் தயாரிக்கும்போது ஹெச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு வரும். அதில் ஒரு டன்னை எரித்து அழித்தால், அப்போதைய கணக்குப்படி 11,700 டன் கார்பன் டைஆக்சைடைக் குறைத்ததற்கான கிரெடிட் கிடைத்தது. எரிக்க ஆகும் செலவோ சொற்பம். ஆக, விற்கும் சரக்கை விடக் கழிவில்தான் வருமானம் என்றாகி, கழிவு அதிகம் வந்தால் நல்லது என்று ஆலைகள் நினைக்கும்படி விதியே அமைந்துவிட்டது! 2013-ல் ஐரோப்பா இந்த கிரெடிட்டுகளை ஏற்க மறுத்தது. அதற்குள் ஏராளமான பணம் கைமாறியிருந்தது.

அதனால் எந்த கிரெடிட்டைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பணம் வராமல் போயிருந்தாலும் இது நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் அது வெறும் காகிதம். அடுத்தது, ஒரே குறைப்பை விற்ற நாடும் வாங்கிய நாடும் தத்தம் கணக்கில் எழுதிக்கொள்வது. உலக நாடுகள் சேர்ந்து போட்ட பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் நாடுகளுக்கிடையே கிரெடிட் விற்பதைப் பற்றிய 6-வது பிரிவின் கீழ், வேறொரு நாட்டின் இலக்குக்காக விற்ற நாடு அந்த அளவைத் தன் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021-ல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முடிவானது. மிச்ச விதிகளுக்கு 2024-ல் பாகு மாநாடு வரை இழுத்தது. ஒப்பந்தம் போட்டது 2015-ல். இந்தத் தாமதம் எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: விமானப் பயணத்துக்கு ஈடாக மரம் நடப் பணம் கட்டலாமா?

பதில்: மரத்துக்காகக் கட்டுங்கள், நல்ல காரியம். பறந்ததற்கு ஈடு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விமானம் விட்ட கார்பனில் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே இருக்கும், அந்த மரம் ஒரு காட்டுத்தீயில் போய்விடலாம்.