அஞ்சு மணி அலாரம் இருக்கட்டும், குறட்டையைப் பாருங்கள்

ராத்திரி இரண்டு மணிக்குப் படுப்பதால் நாற்பது வயதுக்குள் மாரடைப்பு வந்துவிடுமா? காலை ஐந்து மணிக்கு எழ வழி கேட்டு நான்கு பக்கம் எழுதியிருந்தாலும் உங்கள் கேள்வி இதுதான். அந்த ஒரு காரணத்தால் வராது. ராக்கோழிகளுக்குச் சில நோய்கள் சற்று அதிகம் என்று ஆய்வுகள் இருப்பது உண்மை. அதில் பெரும்பங்கு கூடவே வருகிற சிகரெட், குடி, தூக்கக் குறைவு இவற்றுக்குப் போய்ச்சேர வேண்டியது. நீங்கள் பார்த்த யூட்யூப் வீடியோவில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் யார் கடைசி வரை பார்ப்பார்கள்? முடி கொட்டுவது, கருவளையம், காலையில் பசியில்லாதது எல்லாம் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும்.

கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, என்னை நிறுத்தியது அதுதான். பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், நடுவில் மூச்சே நின்றுபோய் அப்புறம் திணறிக்கொண்டு புரளுகிறீர்கள் என்று அறை நண்பர் சொல்கிறார். போன வாரம் காலை பதினொரு மணிக்கு ஆபீஸ் போகும்போது துரைப்பாக்கம் சிக்னலில் பைக்கில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து, பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் விழித்தீர்கள்.

தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணிக்குப் படுத்து ஒன்பதரைக்கு எழுகிறீர்கள். ஏழரை மணி நேரம். அவ்வளவு தூங்கி எழுந்தவருக்கு ஒன்றரை மணி நேரத்தில் சிக்னலில் தூக்கம் வரக் கூடாது. வயது 31, எடை 96 கிலோ, 17 அங்குலக் காலர் கழுத்தைப் பிடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி அடைபடுகிற ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம் என்று சந்தேகப்பட இவ்வளவு போதும். வழி அடைபட்டதும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை உங்களை அரைகுறையாக உலுக்கி எழுப்பும், காலையில் உங்களுக்கு எதுவும் நினைவிருக்காது. ஒரு மணி நேரத்தில் 5 தடவை இப்படி நடந்தாலே நோய்க் கணக்கில் வரும். 30-ஐத் தொட்டால் தீவிரம். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பின் ஒழுங்கும் கெடலாம். இதயத்துக்காகப் பயப்பட வேண்டுமென்றால் இதற்குப் பயப்படுங்கள். குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே பலர் வருஷக்கணக்காக டாக்டரிடம் வருவதில்லை.

இந்த லட்சணத்தில் பெரியப்பா பதற்றத்துக்குப் போடுகிற அல்பிரசோலம் மாத்திரையில் பாதி போட்டுப் பார்த்தேன் என்கிறீர்கள். ஏற்கெனவே தளர்கிற தொண்டையை இன்னும் தளர்த்துகிற மாத்திரை அது. இன்றே நிறுத்துங்கள், மிச்சத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள். தூக்கத்துக்காக அலர்ஜி மாத்திரை போடுவதும் வேண்டாம். மறுநாள் மந்தம்தான் மிச்சம். ஆன்லைனில் வாங்கிய மெலடோனின் (தூக்க ஹார்மோன்) மிட்டாயை ராத்திரி ஒரு மணிக்கு வாயில் போட்டு உடம்பின் கடிகாரத்தைத் திருப்பவும் முடியாது.

சரி, சீக்கிரம் எழுவதற்கு வருவோம். பெரும்பாலானவர்களுக்கு உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே ஓடும். அதனால்தான் சனிக்கிழமை நாலு மணி வரை விழிப்பது சுலபமாகவும், ஞாயிறு பத்துக்கே படுப்பது தண்டனையாகவும் இருக்கிறது. அதை முன்னால் இழுப்பது காலை வெளிச்சம். ஆனால் ஒன்பதரைக்கு எழுகிற உடம்புக்கு ஐந்து மணி இன்னும் நடு ராத்திரி. அப்போது அலாரம் வைத்து எழுந்து எல்லா விளக்கையும் போட்டால், முன்னிரவு இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு கடிகாரம் மேலும் தாமதமாகும். நாலு நாள் முயன்று தோற்றேன் என்கிறீர்களே, காரணம் சோம்பேறித்தனம் இல்லை.

நாளை 9.15-க்கு எழுங்கள். மூன்று நாள் கழித்து 9 மணிக்கு. இப்படியே போனால் ஒரு மாதத்தில் ஏழு மணியைத் தொடுவீர்கள். எழுந்ததும் பல் தேய்த்துவிட்டு நேராக மொட்டை மாடிக்குப் போய் அரை மணி நேரம் வெளிச்சத்தில் இருங்கள். மே மாதமென்றால் நிழலில் நின்றாலே போதும், கண்ணில் வெளிச்சம் பட்டால் சரி. ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே நேரம்தான். ஒரு நாள் பன்னிரண்டு வரை தூங்கினால் வாரம் முழுக்கப் பட்ட பாடு போச்சு. படுக்கும் நேரத்தோடு சண்டை போடாதீர்கள், எழும் நேரம் நகர்ந்தால் அது தானாக நகரும். ராத்திரி பத்து மணி டீயை மட்டும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி மூன்று மணிக்கும் உங்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்லும் அம்மா ஒன்பது மணிக்கே படுக்கிறவர். உங்களுக்கு அமெரிக்காவோடு பேசி முடிக்கவே பதினொன்றரை ஆகிறது. ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பதால் ஏழு மணி உங்களுக்கு நல்ல காலை. ஐந்து வேண்டுமென்றால் மேனேஜரிடம் பேச வேண்டும், என்னிடம் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே ஒரு நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்கிற ஸ்லீப் ஸ்டடி என்ற பரிசோதனையை ஒரு ராத்திரி செய்தால் தெரிந்துவிடும். அதுவரை பைக் சாவி அறை நண்பரிடம் இருக்கட்டும், பஸ்ஸில் போங்கள். நீங்கள் தூங்கும்போது ஐந்து நிமிஷம் போனில் வீடியோ எடுக்கவும் அவரிடமே சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது கூகுளில் எடுத்த பிரிண்ட் அவுட் வேண்டாம், அந்த வீடியோவைக் காட்டுங்கள்.