கஷ்டகாலத்தைத் தாண்டி வந்தா ஒரு டீம் நிஜமாவே பலமாகுமா?

கேள்வி கேட்டவர் அவரோட ஆபீஸ்ல ஆறு மாசமா ஆர்டர் இல்ல, ஆளுக்கு ஆள் முறைச்சுக்கிட்டு இருக்காங்க, இதைத் தாக்குப்பிடிச்சா டீம் நல்லாகுமா இல்ல உடைஞ்சிருமான்னு கேட்டிருக்கார். நான் ஆத்தங்குடில ஒரு டைல்ஸ் பட்டறைல கணக்கும் ஆர்டரும் பாக்குறேன். ரெண்டுமே நடக்கும், ரெண்டையும் நான் பாத்திருக்கேன்.

முதல்ல உடைஞ்ச கதை. 2016 நவம்பர்ல 500, 1000 ரூபா நோட்டு செல்லாதுன்னு சொன்னப்ப நான் காரைக்குடில ஒரு கடைல இருந்தேன். கையில காசு இல்லங்கிறது எல்லாருக்கும் தெரியும், ஆனா எங்க முதலாளி ஒவ்வொருத்தரையா தனியா கூப்பிட்டு உனக்கு மட்டும் இவ்வளவு தர்றேன் யார்ட்டயும் சொல்லாதன்னு சொல்லுவார். எட்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டே பொங்கல் வரைக்கும் ஓட்டுனோம், பொங்கல் முடிஞ்சதும் நாலு பேர் வரல, அடுத்து நானும் நின்னுட்டேன்.

இப்ப பட்டறைக்கு வர்றேன். ஆத்தங்குடி கல்லு, அதாவது நாங்க போடுற டைல்ஸ், சூளைல சுடுறது இல்ல, எல்லாம் கை வேலை. கண்ணாடி மேல அச்ச வச்சு கட்டம் கட்டமா கலர் சிமெண்ட் ஊத்தணும், அச்ச எடுத்துட்டு மேல உலர் கலவை தூவணும், அதுக்கு மேல ஈரக் கலவை போட்டு கரண்டியால சமன் பண்ணணும், அப்புறம் காயவச்சு சில நாள் தண்ணித் தொட்டில ஊறவச்சு, எடுத்து திரும்ப காயவச்சாத்தான் கண்ணாடி கழண்டு பூ தெரியும். இதுல என்ன சிக்கல்னா தப்பு நடக்கிறது திங்கக்கிழமை, தெரியறது அடுத்த வாரம். கலர் கலங்கியிருந்தா ஊத்துனவர் கலவை போட்டவரைச் சொல்லுவார், அவர் தொட்டில இறக்குன அக்காவைச் சொல்லுவார், நான் சேந்த புதுசுல தினமும் இதே சண்டைதான்.

2020 மார்ச்ல ஊரடங்கு வந்துச்சு. கட்டிக்கிட்டிருந்த வீடெல்லாம் அப்படியே நின்னுச்சு, டைல்ஸ் எவன் கேப்பான். எங்க முதலாளி பண்ண ஒரு காரியத்தை நான் இன்னிக்கும் பெரிசா நினைக்கிறேன், கணக்கு நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் நடுவுல வச்சு கையில இவ்வளவு இருக்கு, சிமெண்ட் கடைக்கு இவ்வளவு கடன், இதை எப்படிப் பிரிக்கலாம்னு நீங்களே சொல்லுங்கன்னுட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசல. எல்லாரையும்விட அதிக சம்பளம் வாங்குற கலர் ஊத்துற பெரியவர்தான் முதல்ல வாயத் திறந்தார், எனக்குப் பாதி போதும், சின்னப் பிள்ளைக இருக்கிற வீட்டுக்கு முழுசா குடுங்கண்ணேன்னார். அன்னிக்கு நான் அழுதுட்டேன்.

மே மாசம் தளர்வு வந்தப்ப எல்லாராலயும் வரமுடியல. வந்த அஞ்சு பேர் எல்லா வேலையும் பாத்தோம். பெரியவர் மணல் சலிச்சார், பேனா மட்டும் பிடிச்ச நான் தொட்டில இறங்கி கல்லு தூக்குனேன் (அது ஈரத்துல என்ன கனம் கனக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுது), கல்லு தூக்கிட்டிருந்த அக்கா கலர் ஊத்தப் பழகுனாங்க. அவங்க முதல்ல ஊத்துனதுல நாப்பது கல்லு வீணாப்போச்சு. சிமெண்டுக்கே காசில்லாத நேரம், ஆனா ஒரு வார்த்தை யாரும் சொல்லல, பெரியவர் பக்கத்துல உக்காந்து அந்தக் கைய லேசா விடு தாயின்னு மட்டும் சொன்னார்.

அதுல என்ன மாறுச்சுன்னு அடுத்த வருஷம்தான் தெரிஞ்சுது. ஒரு பெரிய ஆர்டர்ல கல்லு பூராவும் வெள்ளையா உப்புப் பூத்துருச்சு. பழைய பட்டறையா இருந்தா அன்னிக்கு அடிதடிதான். பெரியவர் எந்திரிச்சு, புது லோடு மணலைக் கையில அள்ளுனப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு, நான் சொல்லாம விட்டுட்டேன், தப்பு என்னோடதுன்னார். உடனே அக்கா, நானும் பாத்தேன் அண்ணே நானும் சொல்லலன்னாங்க. கஷ்டத்தைத் தாண்டுனதுல எங்களுக்குக் கெடச்சது இதுதான்னு நான் நினைக்கிறேன், தப்பை ஒத்துக்கிட்டா நம்மளத் தூக்கி எறிய மாட்டாங்கங்கிற நம்பிக்கை. மணலை மாத்தி அவ்வளவையும் திரும்பப் போட்டுக் குடுத்தோம், அந்தக் கூடுதல் நாளுக்கும் முதலாளி கூலி குடுத்தார்.

எல்லாரும் நின்னாங்கன்னு சொன்னா பொய். ரெண்டு பேர் திருப்பூர் போயிட்டாங்க, திரும்ப வரல. அதுல ஒருத்தருக்கு வீட்டுல வாடகை பாக்கி, அவரைப் பாத்து இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல, உங்க ஆபீஸ்லயும் யாராவது அந்த நிலைமைல இருந்தா தயவுசெஞ்சு அவங்க மேல கோவப்படாதீங்க.

உங்க கையில அதிகாரம் இருந்தா நாளைக்கே கணக்கை எல்லார் முன்னாடியும் வைங்க. ஆர்டர் இல்லாத நேரம்தானே, ஒருத்தர் வேலைய இன்னொருத்தரை ஒரு வாரம் பாக்கச் சொல்லுங்க. எங்க பட்டறைல இப்ப புதுசா வர்ற பையன் யாரா இருந்தாலும் முதல் மாசம் மணல் சல்லடைல ஆரம்பிச்சு தொட்டி வரைக்கும் எல்லா இடத்துலயும் நிக்கணும், கலர் ஊத்தக் கத்துக்குடுக்கிறது அந்த அக்காதான்.