பழைய போனைக் கொடுப்பதற்கு முன்: இ-சிம் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புது போனுக்கு இ-சிம் மாற்றுவது பற்றியே. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: புது போன் வாங்கிவிட்டேன். பழையதில் இருப்பது இ-சிம். கழற்றிப் போட ஒன்றுமே இல்லையே, எண்ணை எப்படி மாற்றுவது?

இ-சிம் சிப் போனின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது எங்கேயும் போகாது. அதற்குள் இறக்கி வைத்திருக்கும் புரொஃபைல்தான் மாற வேண்டும். உங்கள் எண்ணுக்கான அடையாளமும் ரகசியச் சாவியும் அதில்தான் இருக்கின்றன. புது போனில் புதிதாக ஒரு புரொஃபைல் இறங்கும், பழையது செத்துப்போகும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. போனிலிருந்து போனுக்கே மாற்றுவது ஒன்று. ஐபோனிலிருந்து ஐபோனுக்கு என்றால் ஐஓஎஸ் 16 முதல் புளூடூத் வழியாகவே இதைச் செய்யலாம். ஆண்ட்ராய்டிலும் பல புதிய போன்களில் இந்த வசதி வந்துவிட்டது. ஆனால் உங்கள் மொபைல் நிறுவனம் அனுமதித்திருந்தால்தான் நடக்கும். இல்லையென்றால் இரண்டாவது வழி: நிறுவனத்தின் ஆப்பிலோ கடையிலோ கேட்டுப் புதிய க்யூஆர் கோடு வாங்க வேண்டும்.

எந்த வழியானாலும் இரண்டு போனும் சார்ஜோடு, ஆன் செய்த நிலையில், பக்கத்தில் இருக்கட்டும். புது போனில் வைஃபை இருக்கட்டும். எண் இன்னும் வராத போனில் மொபைல் டேட்டா எப்படி வரும்? முடிந்ததும் புது போனுக்கு ஒரு அழைப்பு வரச் செய்யுங்கள், அதிலிருந்து ஒரு அழைப்பு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸும் போய் வருகிறதா பாருங்கள். பாதுகாப்புக்காகச் சில நாடுகளில் சிம் மாற்றிய பிறகு கொஞ்ச நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைப்பார்கள். எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் பதற்றம் இருக்காது. இதெல்லாம் சரியாக நடந்த பிறகுதான் பழைய போனை அழிக்க வேண்டும்.

கேள்வி: போனின் முழு பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன். இ-சிம்மும் அதிலேயே வந்துவிடும் அல்லவா?

வராது.

கேள்வி: எக்ஸ்சேஞ்சில் புது போன் வாங்கினேன். பழையதை எடுக்க வந்தவர் அவசரப்படுத்தியதால் அங்கேயே ரீசெட் செய்து கொடுத்துவிட்டேன். இப்போது புது போனில் எண் இல்லை. நிறுவனத்தின் ஆப்பில் நுழையப் பார்த்தால் அதே எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறது. என்ன செய்வது?

இதே கடிதம் எத்தனை பேரிடமிருந்து வருகிறது தெரியுமா? வாசலில் நிற்பவருக்கு அவசரம் இருக்கலாம். உங்களுக்கு என்ன அவசரம்? வங்கி, மின்னஞ்சல், ஆஸ்பத்திரிப் பதிவு எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும் எண்ணை, அது புது போனில் மணியடிக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டீர்கள். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்காக எக்ஸ்சேஞ்ச் தொகையே குறையும் என்றாலும், அந்த இழப்பு இந்தத் தலைவலியைவிடச் சிறியது.

சரி, இப்போது அடையாள அட்டையையும் புது போனையும் எடுத்துக்கொண்டு மொபைல் நிறுவனத்தின் கடைக்கு நேரில் போங்கள். அதே எண்ணுக்கு இ-சிம்மை மறுபடி வழங்கச் சொல்லுங்கள். ஈஐடி எண் கேட்பார்கள். அது உங்கள் போனில் உள்ள இ-சிம் சிப்பின் 32 இலக்க அடையாள எண். டயலரில் *#06# அடித்தால் பெரும்பாலான போன்களில் தெரியும், செட்டிங்ஸில் போன் பற்றிய பக்கத்திலும் இருக்கும். போன் கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ வேறு, அதற்கு 15 இலக்கம்தான். இரண்டையும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு அலைபவர்கள் உண்டு, கவனம்.

கேள்வி: முதன்முதலில் தந்த க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். புது போனில் ஸ்கேன் செய்தால் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்கிறது.

அந்தக் கோடுக்குள் உங்கள் சிம் இல்லை. எந்த சர்வரில் போய்க் கேட்க வேண்டும் என்ற முகவரியும், கேட்கும்போது காட்ட வேண்டிய ஒரு குறியீடும் மட்டுமே இருக்கின்றன. சர்வர் பெரும்பாலும் ஒருமுறைதான் கொடுக்கும், அதுவும் கேட்ட சிப்புக்கென்றே பூட்டிக் கொடுக்கும். மறுபடி பயன்படுத்த விடும் நிறுவனங்களும் உண்டு. உங்களுடையது அப்படிச் சொல்லாதவரை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிய கோடு கேட்டு வாங்குங்கள். அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நீங்கள் ஸ்கேன் செய்வதற்கு முன் இன்னொருவர் செய்துவிட்டால் எண் அவர் போனுக்குப் போய்விடும்.

கேள்வி: பிளாஸ்டிக் சிம்மை ஒரு ஊசியால் தட்டி எடுத்து அடுத்த போனில் போட்டு முடித்துவிடுவேன். இப்போது ஆப், வாடிக்கையாளர் சேவை, படிவம், கட்டணம். இது முன்னேற்றமா?

நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதையே கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் சிம் கார்டுகள் 1991-ல் ஜெர்மனியில் தயாராகி ஃபின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்குப் போயின. அந்தக் கார்டின் பின்னால் அருமையான ஒரு யோசனை இருந்தது. எண் வேறு, போன் வேறு. போன் பழுதானால் கார்டை எடுத்து இன்னொன்றில் போடு, யாரிடமும் கேட்க வேண்டாம். வாங்குபவரின் கையில் இருந்த பெரிய அதிகாரம் அது. பிடிக்காத போனை அன்றே மாற்ற முடிந்தது, திரை உடைந்த அன்றே அண்ணன் தம்பியின் பழைய போனில் அழைப்புகள் வந்தன.

நுகர்வோர் சாதனங்களுக்கான இ-சிம் விதிமுறை 2016-ல் வந்தது. 2017-ல் கூகுள் பிக்சல் 2, 2018-ல் ஐபோன் எக்ஸ்எஸ் என்று போன்களுக்குள் நுழைந்தது. 2022-ல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-ல் சிம் தட்டே இல்லை. நல்லது இல்லாமலில்லை. திருடியவன் கார்டை உருவி எறிய முடியாது. ஒரே போனில் பல எண்களை வைத்துக்கொள்ளலாம். கடைக்குப் போகாமலே இணைப்பு வாங்கலாம்.

ஆனால் நம் எண்ணை நாமே நகர்த்தும் உரிமை அதற்கு விலையாகப் போய்விட்டது. இனி ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். திரை உடைந்த போனிலிருந்து கார்டை எடுக்கலாம், இ-சிம்மை எடுக்க முடியாது. போன் செத்தால் எண்ணும் அதோடு மாட்டிக்கொள்கிறது.

எனக்கு ஆத்திரம் தருவது இதுதான்: சிரமத்துக்குத் தொழில்நுட்பம் காரணமில்லை. ஒரு நிறுவனம் சில நிமிடத்தில் போனிலேயே கட்டணமில்லாமல் மாற்றித் தருகிறது. அதே சிப், அதே விதிமுறையை வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனம் கடைக்கு வரச் சொல்லி, வரிசையில் நிறுத்தி, பணமும் கேட்கிறது. பிளாஸ்டிக் இல்லை, தபால் இல்லை, எதற்குக் கட்டணம்? அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது நம் பாதுகாப்புக்குத்தான். அதைச் சாக்காக வைத்து வாடிக்கையாளரை அலைய விடுவதை ஒப்புக்கொள்ள முடியாது.

ஆகவே இணைப்பு எடுக்கும்போதே கேளுங்கள். போன் மாற்றினால் நானே மாற்றிக்கொள்ளலாமா, கட்டணம் உண்டா, பழைய போன் உடைந்துபோயிருந்தால் என்ன வழி? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சொன்னதற்கு மாறாக நடந்தால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புக்குப் புகார் எழுதுங்கள். பிளாஸ்டிக் சிம் போடும் வசதியும் உள்ள போன் கிடைத்தால், அடிக்கடி போன் மாற்றுபவர்கள் முக்கியமான எண்ணைப் பிளாஸ்டிக்கிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: லாக் இல்லாத போன் என்று சொல்லி ஒருவர் பழைய போன் விற்றார். என் இ-சிம்மைச் சேர்க்கப் பார்த்தால் இந்த நெட்வொர்க்கை ஏற்காது என்று வருகிறது. விற்றவர் போனையே எடுப்பதில்லை.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கும் ஒருவர் இதே வார்த்தையைச் சொல்லி ஒரு போனை விற்றார். பெட்டியும் ரசீதும்கூட இருந்தன. ஒரு வெளிநாட்டு மொபைல் நிறுவனத்தின் சிம் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டிய போன் அது. என் எந்த சிம்மும் அதில் கடைசிவரை வேலை செய்யவில்லை, வைஃபையில் படம் பார்க்கத்தான் பயன்பட்டது.

பூட்டிய நிறுவனம் மட்டுமே அதைத் திறக்க முடியும். திறந்து தருகிறோம் என்று பணம் கேட்கும் மூன்றாம் ஆட்களிடம் போக வேண்டாம். விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய சான்று, போனில் வரும் பிழைச் செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விற்பனைத் தளத்திலும் பணம் செலுத்திய வழியிலும் இன்றே புகார் கொடுங்கள். பொருள் சொன்னபடி இல்லை என்பதுதான் உங்கள் வாதம். அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்குபவர்களுக்கு: ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் பக்கத்தில் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். சிம் கட்டுப்பாடு இல்லை என்று அங்கே இருக்க வேண்டும். எந்தப் போனிலும் ஈஐடி எண் தெரிகிறதா பாருங்கள். சீனப் பெருநிலத்துக்கென்று விற்ற ஐபோன்கள் பலவற்றில் இ-சிம்மே கிடையாது, இரண்டு பிளாஸ்டிக் சிம்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் மாடல் எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மொபைல் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். நெட்வொர்க்கை மேம்படுத்த இ-சிம்முக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லி, என் போனுக்கு வந்த குறியீட்டை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் என் போனில் சிக்னல் போனது. வங்கிப் பணமும் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

நான் திட்ட மாட்டேன். தினமும் இதையே தொழிலாகச் செய்பவன் பேசினான், நீங்கள் நம்பினீர்கள். குற்றம் அவனுடையது. 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கே சிம் மாற்று மோசடியில் பறிபோய், பிட்காயின் பற்றிப் பொய்யான அறிவிப்பு வெளியானது. அவ்வளவு பெரிய அமைப்புக்கே நடந்தது. இதை வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

இன்னொரு போனிலிருந்து முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு மொபைல் நிறுவனத்துக்கு. எண்ணை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுக் காவல்துறையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். அழைப்பு வந்த நேரமும் சிக்னல் போன நேரமும் அதில் இருக்கட்டும். சரியாக விசாரிக்காமல் எண்ணை மாற்றிக் கொடுத்ததற்கு நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும், அதையும் விடாமல் கேளுங்கள். எண் திரும்பக் கிடைத்ததும், முடிந்த கணக்குகளில் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில், போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாறுங்கள்.

கேள்வி: எண் புது போனுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பும் தானாக வந்துவிடுமா?

வராது. அது தனி வேலை. பழைய போன் கையில் இருக்கும்போதே உரையாடல்களைப் பேக்கப் எடுங்கள். எண் புது போனுக்கு வந்ததும் அதில் வாட்ஸ்அப்பை நிறுவினால் சரிபார்ப்புக் குறியீடு வரும்.

கேள்வி: பயணத்துக்கு வாங்கிய டேட்டா இ-சிம்மில் பாதி மிச்சம் இருக்கிறது. புது போனுக்கு மாற்றலாமா?

பெரும்பாலான பயண இ-சிம்களை மாற்ற முடியாது. பழைய போனிலேயே வைத்து ஹாட்ஸ்பாட் போட்டுத் தீர்த்துவிடுங்கள். அந்த போனை அதற்கு முன் ரீசெட் செய்ய நேர்ந்தால், இ-சிம்மையும் அழிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பழைய போனை விற்றுவிட்டேன். அதிலிருந்த இ-சிம்மை அழித்தேனா என்று நினைவில்லை. வாங்கியவர் என் எண்ணில் பேச முடியுமா?

எண் உங்கள் புது போனில் வேலை செய்கிறது என்றால் பழையதில் இருப்பது செத்த புரொஃபைல், பயமில்லை. வேலை செய்யவில்லை என்றால் அவர் பேசலாம், உங்கள் ஓடிபியும் அவருக்கு வரும். இதைப் படித்து முடிப்பதற்குள் நிறுவனத்தை அழையுங்கள்.

கேள்வி: வேண்டாத இணைப்பின் இ-சிம்மைப் போனிலிருந்து நீக்கிவிட்டேன். மாதக் கட்டணம் நின்றுவிடும்தானே?

நிற்காது. நீக்கியது போனில் மட்டும்தான், நிறுவனத்தின் கணக்கில் இணைப்பு உயிரோடு இருக்கிறது. ரத்து செய்யச் சொல்லி எழுதுங்கள். ரத்தானதற்கான செய்தி வரும்வரை விடாதீர்கள்.