வடையும் கோப்பையும் ஒன்று என்கிறாள் மகள்

வணக்கம் அண்ணே,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மகள், பினாங்கில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் நடத்திய கணித உரைகளைக் கேட்கப் போயிருக்கிறாள். சுங்கை சிப்புட் திரும்பியதும், "ஓட்டை போட்ட உளுந்து வடையும் காது வைத்த காப்பிக் கோப்பையும் ஒண்ணுதான்பா" என்றாளாம். பாதிக்கு மேல் புரியவில்லை என்றும் அவளே சொல்லியிருக்கிறாள். இருந்தும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூ.பி.யூ. பட்டியலில் முதல் இடம் கணிதத்துக்குத்தான் என்று நிற்கிறாள். "இந்த வடைக்கு யார் சம்பளம் கொடுப்பார்? கணக்கு பிடித்தால் கணக்கியல் படிக்கட்டுமே" என்பது உங்கள் கேள்வி.

வடை விஷயம் உண்மைதான். இழுக்கலாம், வளைக்கலாம், கிழிக்கவோ ஒட்டவோ கூடாது என்று வைத்துக்கொண்டால், களிமண் வடையைக் கோப்பையாக மாற்றிவிட முடியும். வடையின் ஓட்டை கோப்பையின் காதாகிவிடும். டொபாலஜி என்ற இந்தப் பிரிவுக்கு 'ரப்பர் ஷீட் வடிவியல்' என்றே செல்லப்பெயர் உண்டு. என் அம்மா தோட்டத்து ஸ்டோரில் கித்தா (ரப்பர்) ஷீட் உருட்டியவர். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது எனக்கு அவர் கைதான் நினைவுக்கு வந்தது. 2016-இல் இயற்பியல் நோபல் பரிசு இந்தக் கணிதத்தைப் பொருள்களின் நிலைகளில் பயன்படுத்திக் காட்டிய மூவருக்குக் கிடைத்தது. அறிவிப்பு நாளில் குழு உறுப்பினர் ஒருவர் பன், பேகல், பிரெட்ஸல் என்று தின்பண்டங்களைத் தூக்கிக் காட்டி ஓட்டைகளை எண்ணித்தான் விளக்கினார். உங்கள் மகள் வடையை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அடுத்து, கணக்கியல். நம் வாயில் இரண்டுமே 'கணக்கு' என்று வருவதால் நேரும் குழப்பம் இது. நானே இதில் ஒரு முறை சறுக்கியிருக்கிறேன். கணிதத்தில் கெட்டிக்காரனான ஒரு பையனைக் கணக்கியலுக்கு அனுப்பினேன். அங்கே பாதி சட்டமும் விதிமுறையும். இரண்டாம் ஆண்டில் துறை மாறினான். ஒரு வருடக் கட்டணம் வீண். அந்தப் பையனின் அப்பா இன்றும் என்னைக் கண்டால் சரியாகப் பேசுவதில்லை. கணக்கியல் நல்ல படிப்பு. ஆனால் கணிதம் பிடித்தவளுக்கு அது ஆறுதல் பரிசு ஆகாது.

'புரியவில்லை' என்றாளே, அங்கேதான் நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள். நான் இப்படிப்பட்ட உரைகளில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும் புரியும். அரை மணி நேரத்தில் பாதிப் பேருக்குப் பிடி விட்டுப்போகும். அவர்களில் வேறு பிரிவுப் பேராசிரியர்களும் இருப்பார்கள். மேற்படிப்பு மாணவர்கள் ஒருவருக்கொருவர் பேசிப் பழகும் இடம் அது. தப்பாகக் கேட்டாலும் வெட்கமில்லை என்பதற்காகவே, சில பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்களை உள்ளே விடுவதில்லை. மேடையில் நிற்பவரை "ஏன்?" என்று யாராவது மடக்குவார்கள். அவரும் "தெரியலை, பார்த்துட்டு வரேன்" என்பார். ஐந்தாறு வயது மூத்தவர் ஒருவர் கூச்சமில்லாமல் அப்படிச் சொல்வதை உங்கள் மகள் பார்த்திருக்கிறாள். நம் வகுப்பறைகளில் அது கிடைக்காது.

நீங்கள் செம்பனைப் பழ லாரி ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து இடத்தில் பழம் ஏற்ற வேண்டும் என்றால், எந்த வரிசையில் போவது? மொத்தம் 3,628,800 வரிசைகள் உண்டு. ஒன்றுக்கு ஒரு விநாடி வீதம் சரிபார்த்தால்கூட இரவு பகலாகச் சரியாக 42 நாள். அதற்குள் பழம் அழுகிவிடும். எல்லாவற்றையும் பார்க்காமல் நல்ல பாதையைப் பிடிப்பது எப்படி என்பது ஒரு கணிதத் துறை. பெட்ரோல் லாரிகளை நிலையங்களுக்கு அனுப்பும் கணக்காக 1959-இல் டான்சிக், ராம்சர் என்ற இருவர் இதை எழுதினார்கள். சரக்கு நிறுவனங்கள் இன்றும் இதற்கு ஆள் வைத்திருக்கின்றன.

சம்பளம் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். கணிதப் பட்டத்தை வைத்துக்கொண்டு மருத்துவர், கணக்காய்வாளர் என்பதுபோல் ஒரு பலகை மாட்ட முடியாது. கூட ஒன்று வேண்டும். ஆக்சுவரி, அதாவது காப்புறுதியில் ஆபத்தைக் கணக்கிடுபவர், ஆக விரும்பினால் அதன் தொழில்முறைத் தேர்வுகளைக் கணிதப் பட்டதாரியும் எழுதலாம். ஆசிரியர் என்றால் பயிற்சி வேண்டும். வங்கி, காப்புறுதி, தரவுப் பகுப்பாய்வு என்று போனால் புள்ளியியலும் நிரல் எழுதும் பழக்கமும் இல்லாமல் கதவு திறக்காது. முதல் ஆண்டிலேயே பைத்தான் என்ற நிரல்மொழியைத் தொடங்கட்டும். முனைவர் பட்டம் வரை போனால் உதவித்தொகை பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வு மானியத்தைப் பொறுத்தது. இருந்தால் உண்டு, முடிந்தால் இல்லை. இதை அவளிடம் மறைக்க வேண்டாம்.

பட்டியலை இறுதியாக்கும் முன் இன்னொரு உரைக்குப் போகட்டும். எந்த இடத்தில் வழி தவறினாள் என்று நோட்டில் குறிக்கட்டும். அந்த இடத்தை வீட்டுக்கு வந்து தேடிப் படிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். படித்தால் கணிதமே முதலில் போடலாம். நோட்டு மூடியே கிடந்தால் ஆக்சுவரி, புள்ளியியல் பக்கம் பேசுவோம்.

லீவு கிடைத்தால் நீங்களும் கூடப் போங்கள் அண்ணே. பொது உரையா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த் வரை ரயில், அப்புறம் ஃபெரி. உரைக்கு முன்போ பின்போ தேநீரும் பிஸ்கட்டும் இருக்கும். பேசிய பிள்ளையிடம், "உனக்கு யார் பணம் கட்டுறாங்க? போன வருஷம் முடிச்சவங்க இப்ப எங்க வேலை செய்யுறாங்க?" என்று நேராகக் கேளுங்கள். அப்படியே அந்தப் பத்து இடத்து லாரிக் கேள்வியையும் போட்டுப் பாருங்கள்.