மாநாட்டுக் கூட்டத்தை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: கடலூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினைந்து ஆண்டுகளாகச் சிறிய ஓட்டல் நடத்துகிறேன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் ஊருக்கு வெளியே ஒரு கட்சியின் மாநில மாநாடு நடக்கவிருக்கிறது. மூன்று லட்சம் பேர் வருவார்கள் என்கிறார்கள். திடலில் கடை போட இடம் வாங்கித் தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். பாத்திரம், கொட்டகை, சரக்கு எல்லாவற்றுக்குமாக 3 லட்சம் ரூபாய் மூன்று வட்டிக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? என் மச்சானுக்கு 14 அறைகள் கொண்ட லாட்ஜ் இருக்கிறது. அத்தனையையும் மூன்று நாளைக்கு மொத்தமாகக் கேட்கிறார்கள். அப்பாவின் இரண்டு ஏக்கர் நிலத்தையும் வாகனம் நிறுத்தக் கேட்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கடன் வேண்டாம். கடைவேலையில் மீதியைப் படிக்க நேரமில்லாமல் போகலாம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று லட்சம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். மேடை போடுகிறவர் ஒன்று சொல்வார், காவல்துறை ஒன்று சொல்லும், எதிரணிக்காரர் ஒன்று சொல்வார். மூன்றும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. பாதிப் பேர் வந்தாலே கடலூர் திணறும். வருகிறவர்கள் எதில் வருகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் கல்லா அதைப் பொறுத்தது.

நம் பக்கத்து மாநாடுகளுக்கு வருகிறவர் பெரும்பாலும் ஒன்றியமோ கிளையோ பிடித்துக் கொடுத்த வேனில் வருகிறார். காலைச் சிற்றுண்டி வழியில் ஏதாவது கல்யாண மண்டபத்தில். மதியத்துக்குப் பொட்டலம் வேனிலேயே இருக்கும், இல்லையென்றால் திடலில் கட்சியே சமைத்துப் போடும். 2023 ஆகஸ்ட் 20 அன்று மதுரை வலையங்குளத்தில் அ.தி.மு.க. மாநாடு நடந்ததே, நினைவிருக்கிறதா? மறுநாள் பேசப்பட்ட செய்திகளில் ஒன்று, திடலில் மலைபோல் கொட்டிக் கிடந்த புளிசாதம். இலவசச் சோறே மிஞ்சிப்போன இடத்தில் 80 ரூபாய்க்குச் சோறு விற்க நினைப்பவர் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டுமான கதையில்லை. அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டுகளில் இரண்டு பெரிய கட்சிகளும் ஒவ்வொரு நகரத்தில் நான்கு நாள் மாநாடு நடத்தும். வருகிறவர்கள் ஓட்டலில் அறை எடுத்துத் தங்கி, காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள். 2004 முதல் 2020 வரை ஒவ்வொரு மாநாட்டு நகரத்துக்கும் காவல் செலவுக்கு மட்டும் அந்நாட்டு அரசு 5 கோடி டாலர் கொடுத்தது. 2024-இல் அது 7.5 கோடி. இவ்வளவு இருந்தும், 1970 முதல் 2005 வரையிலான மாநாட்டு நகரங்களின் வருமானத்தையும் வேலைவாய்ப்பையும் பேட், பாமன், மேத்சன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தபோது, மாநாட்டால் ஏறியது என்று சொல்லத்தக்க எதுவும் தென்படவில்லை. வந்தவர்கள் செலவழித்தது உண்மை. அவர்களுக்குப் பயந்து வராமல் போனவர்களின் செலவு அதை விழுங்கிவிட்டது. 2004-இல் பாஸ்டனில் மாநாட்டு அரங்கை ஒட்டிய நெடுஞ்சாலையை மாலை வேளைகளில் மூடினார்கள். ஊர்க்காரர்கள் பலர் விடுப்பு எடுத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டார்கள். 2024 ஜூலையில் மில்வாக்கி நகருக்குச் சுமார் 50,000 பேர் வருவார்கள் என்று சொல்லப்பட்டது. உணவகக்காரர்கள் பலர் ஆள் சேர்த்து, சரக்கு வாங்கி வைத்து, காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு நாள் தங்குகிறவர்களை வைத்தே அங்கே அந்தக் கதி. ஒரே நாளில் வந்து அன்றிரவே திரும்புகிறவர்களை வைத்து நாம் என்ன எதிர்பார்க்க முடியும்?

மாநாட்டு நாளன்று உங்கள் வாடிக்கையாளர் யார் என்று எண்ணிப் பாருங்கள். நெல்லிக்குப்பத்திலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர், பான்பரி மார்க்கெட்டுக்கு வந்த வியாபாரி, முதுநகருக்கு மீன் வாங்கப் போகும் குடும்பம். அன்றைக்குத் தனியார் பஸ்களும் பள்ளி வேன்களும் கட்சிக்கு வாடகைக்குப் போயிருக்கும். அரசு பஸ்கள் சுற்றுவழியில் போகும். ஊர்க்காரர்கள் "இன்றைக்குப் போக வேண்டாம்" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் அன்று முழு நட்டம். உங்களுக்கு அரைகுறை. பரோட்டா மாஸ்டர் அந்தக் கட்சிக்காரராக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம், அவரும் லீவு.

இனி அந்த நாற்பதாயிரத்துக்கு வருவோம். இடம் 40,000, கொட்டகை, வண்டி வாடகை 15,000, ஆட்களுக்கு இரட்டைக் கூலி 12,000, 3 லட்சத்துக்கு மூன்று வட்டி ஒரு மாதத்துக்கு 9,000. மொத்தம் 76,000. பொட்டலம் 80 ரூபாய்க்கு விற்று, அரிசி, எண்ணெய், எரிவாயு போக 35 ரூபாய் நிற்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். போட்ட காசை எடுக்க மட்டும் சுமார் 2,170 பொட்டலம் விற்க வேண்டும். திடலில் விற்பனை நேரம் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரைதான். தலைவர் மேடை ஏறிவிட்டால் எவரும் கடைப் பக்கம் திரும்ப மாட்டார். ஐந்து மணி நேரத்தில் 2,170 என்றால் நிமிடத்துக்கு ஏழு பொட்டலம், இடைவிடாமல். உங்கள் கடையில் தீபாவளி முன்தினம்கூட அந்த வேகம் இருந்திருக்குமா? வாங்கிய பாத்திரத்தை மறுநாள் பாதி விலைக்குத் தள்ளுவது தனிக் கணக்கு. அந்த நாற்பதாயிரத்துக்கு அவர் ரசீது தருவாரா என்றும் கேட்டுப் பாருங்கள். தரமாட்டார்.

அப்படியானால் மாநாட்டில் காசே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது மாநாட்டு நாளில் இல்லை, அதற்கு முந்தைய முப்பது நாளில் இருக்கிறது. பந்தல்கால் நட்ட நாளிலிருந்து அந்தத் திடலில் ஒரு சிறிய ஊரே குடியேறும்: பந்தல்காரர்கள், வெல்டிங் ஆட்கள், மைக் செட், விளக்குக்காரர்கள், பொக்லைன் ஓட்டுநர்கள், ஜெனரேட்டர் ஆட்கள். இருநூறு பேராவது இருப்பார்கள். காலை இட்லி, மதியம் சாப்பாடு, நான்கு மணிக்கு டீ, இரவு டிபன். நம்பிச் சமைக்கலாம், எண்ணிக்கை முந்தைய இரவே தெரிந்துவிடும். உங்கள் இப்போதைய அடுப்பும் ஆட்களும் போதும், ஒரு சரக்கு ஆட்டோ கூடுதலாக வேண்டும், அவ்வளவே. பந்தல் ஒப்பந்தக்காரரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். கட்சிக்காரரைவிட அவரிடம் பேசுவது நல்லது. அவருக்கு அடுத்த மாதம் இன்னொரு ஊரில் வேலை இருக்கும். ஆட்களைப் பட்டினி போட்டு அவர் பிழைப்பு நடத்த முடியாது.

அவரிடமும் பாக்கி வைக்காதீர்கள். பாதி முன்பணம், சனிக்கிழமைதோறும் கணக்குத் தீர்ப்பது என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் கணக்கு எழுதிய ஒரு சமையல்காரர், ஒரு மாநாட்டுக்கு வாய்வார்த்தையை நம்பி நாலாயிரம் பேருக்குச் சமைத்தார். சொன்னவரின் பதவி அடுத்த மாதமே பறிபோனது. புதிதாக வந்தவர் "எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்றார். அந்தப் பாக்கி இன்னும் என் பேரேட்டில் வராக் கடனாக நிற்கிறது.

ரொக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே நிகழ்ச்சிக்காகவோ 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தரவில்லை. மீறினால் வாங்கிய தொகை முழுவதற்கும் சமமான அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. நான்கு பில்லாகப் பிரித்து எழுதினாலும் நிகழ்ச்சி ஒன்றுதானே என்பார்கள். வங்கி வழியாகவே வாங்குங்கள்.

மாநாடு சொன்ன தேதியில் நடக்கும் என்பதும் நிச்சயமில்லை. தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு 2024 செப்டம்பர் 23 என்று பேசப்பட்டு, விக்கிரவாண்டி வி.சாலையில் அக்டோபர் 27 அன்றுதான் நடந்தது. அதன் மதுரை மாநாடு 2025 ஆகஸ்ட் 25-இலிருந்து 21-க்கு முன்னால் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் அக்கட்சியின் கூட்டத்தில் 41 பேர் நெரிசலில் இறந்த பிறகு அனுமதி விவகாரம் இன்னும் இறுகிவிட்டது. டிசம்பர் 9 அன்று புதுச்சேரி உப்பளத்தில் நடந்த அதன் கூட்டத்துக்கு 5,000 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் கியூஆர் குறியீடு போட்ட சீட்டோடு. கடைசி வாரத்தில் கூட்டம் சுருங்கலாம், இடம் மாறலாம். திடலில் கடை போட்டவரின் சரக்கு அப்போது என்ன ஆகும்?

மச்சானின் லாட்ஜ் வேறு விஷயம். அறைக்கு நிச்சயம் கிராக்கி இருக்கும். ஆனால் பெரிய பொறுப்பாளர்கள் கடலூரில் தங்குவார்கள் என்று எண்ண வேண்டாம். இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரி இருக்கும்போது கார் வைத்திருப்பவர் ஆல்பேட்டையைத் தாண்டிவிடுவார். தொண்டர்களின் மதுச் செலவும் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டித்தான் போகும். நம் ஊரில் மாநாடு, பக்கத்து ஊரில் கல்லா! மச்சானிடம் வருகிறவர்கள் நடுத்தரப் பொறுப்பாளர்கள், ஒலி-ஒளி ஆட்கள், செய்தியாளர்கள். மூன்று நாள் வாடகை முழுவதையும் முன்கூட்டியே வாங்கட்டும். தேதி மாறினால் எவ்வளவு திருப்பித் தருவார் என்பதை ரசீதிலேயே எழுதட்டும். 14 அறையையும் ஒரே பெயரில் கொடுக்கக் கூடாது. தங்குகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டையும் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தத் தேதிகளில் ஏற்கெனவே கல்யாண வீட்டாருக்கோ, மாதாமாதம் வரும் மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கோ அறை ஒப்புக்கொண்டிருந்தால் அதைத் தட்டிவிட வேண்டாம். நான்கு அறையையாவது தன் பழைய வாடிக்கைக்கு வைத்துக்கொண்டு பத்தைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்தால் தண்ணீர்த் தொட்டி விடியற்காலையில் காலியாகும். டேங்கர் லாரிக்கு இப்போதே சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

மாநாட்டு நாளில் உங்கள் கடையைத் திறக்கலாம், வழக்கத்தில் பாதிச் சரக்கோடு. அன்று செல்போன் கோபுரங்கள் திணறும், கூகுள் பே சுற்றிக்கொண்டே இருக்கும். 10, 20 ரூபாய்ச் சில்லறை நிறைய வைத்திருங்கள். தண்ணீர் பாக்கெட் விற்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், 2019 முதல் அதற்குத் தடை. உண்மையான பசி இரவு பத்து மணிக்குமேல், வேன்கள் திரும்பும்போது வரும். திரும்பும் வழி உங்கள் தெருவாக இருந்தால் இட்லி, டீ மட்டும் போட்டு நள்ளிரவு தாண்டியும் நடத்தலாம். போக்குவரத்துத் திட்டம் இரண்டு மூன்று நாள் முன்பு வெளியாகும். அதைப் பார்த்துவிட்டு, காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கண்ணாடி அலமாரியை மட்டும் உள்ளே தள்ளி வையுங்கள். கடைக்குக் காப்பீடு இருந்தால் கலவரச் சேதம் அதில் அடங்குமா என்று இப்போதே பாருங்கள். தமிழ்நாட்டின் 1992-ஆம் ஆண்டு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தில் கட்சியிடம் இழப்பீடு கேட்கவும் வழி இருக்கிறது. ஆனால் படமும் புகாரும் இல்லாமல் எதுவும் நகராது.

நன்கொடைப் புத்தகத்தோடு வருவார்கள். முடிந்ததைக் கொடுங்கள், வணிகர் சங்கம் வழியாகக் கொடுத்தால் தொல்லை குறைவு. பழைய வரித் திட்டத்தில் இருக்கிறவர் பதிவுபெற்ற கட்சிக்குக் காசோலையாகக் கொடுத்தால் வருமான வரியில் கழிவும் உண்டு, ரொக்கத்துக்குக் கிடையாது.

கடைசியாக அப்பாவின் நிலம். வண்டி நிறுத்த நிலம் கேட்பவர்கள் முதலில் வரப்பைத் தட்டுவார்கள், பிறகு கிராவல் கொட்டி ரோலர் ஓட்டுவார்கள். மழை பெய்துவிட்டால் கூடுதலாகவே கொட்டுவார்கள். அதன்பின் அந்த மண்ணில் ஏர் இறங்க ஒரு பருவம் ஆகும். நடவு முடிந்திருந்தால் கொடுக்காதீர்கள். தரிசாகக் கிடந்தால் கொடுக்கலாம். வாடகையை ஒரு ஒப்பந்தமாகவும், கிராவலை அள்ளி, வரப்பைக் கட்டி, ஆணியும் பாட்டிலும் பொறுக்கி, உழுது தருவதற்கான தொகையை முன்வைப்பாகவும் தனித்தனியே வாங்குங்கள். நான்கு மூலையையும் போர்வெல் குழாயையும் வாய்க்கால் மதகையும் தேதி தெரியும்படி இந்த வாரமே படம் எடுத்து வையுங்கள்.